பத்தாவது முடிச்சுட்டு மெக்கானிக் ஆகணும்னா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பையன் இந்த வருஷம் பத்தாவது பாஸ் பண்ணிட்டான் சார், பைக் மெக்கானிக் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். பட்டறையில சேர்த்துவிடு, நாலு வருஷத்துல தனியா கடை போட்டுடுவான்னு என் தம்பி சொல்றான். அவங்கப்பா ஐடிஐ போகட்டும்ங்கிறார். எதுக்கு அனுப்பறது? (வாசகி, விருதுநகர்)

பதில்: ஐடிஐக்கு அனுப்புங்கம்மா. உங்க தம்பி சொல்றதையும் தள்ளிடாதீங்க, லீவு நாள்ல ஒரு நல்ல பட்டறையில போய் நிக்கட்டும், கைப்பழக்கம் அங்கதான் வரும்.

டூவீலர் த்ரீவீலர் மெக்கானிக்னே 1 வருஷ டிரேடு (தொழிற்பிரிவு) இருக்கு, ஆனா எல்லா ஐடிஐலயும் கிடைக்காது. என்னைக் கேட்டா மோட்டார் வெஹிக்கிள் மெக்கானிக், அதாவது எம்எம்வி, 2 வருஷம், அதுலயே சேருங்க, கார் லாரி எல்லாம் வரும், எலக்ட்ரிக்கல் அடிப்படையும் வரும். அரசு ஐடிஐனா ஃபீஸ் கிடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், யூனிஃபார்ம் எல்லாம் தர்றாங்க. பையன் 6வதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சவன்னா தமிழ்ப் புதல்வன் 1000 ரூபாயும் கேட்டுப் பாருங்க. முடிச்சதும் அப்ரண்டிஸா ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல இருந்துட்டு வந்தா இன்னும் நல்லது.

பட்டறை மட்டும் போதாதுன்னு ஏன் சொல்றேன்னா, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததுக்கப்புறம் புது பைக்ல பெரும்பாலும் கார்புரேட்டரே இல்ல, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், சென்சார், இன்ஜினைக் கட்டுப்படுத்தற ஈசியூங்கற குட்டி கம்ப்யூட்டர்னு ஆயிடுச்சு, பிளக்கைக் கழட்டி கருப்பா வெள்ளையான்னு பாத்து ட்யூனிங் ஸ்க்ரூவைத் திருப்பற காலம் போயிடுச்சு. வோல்டேஜ் எல்லாம் அளக்கற மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரியணும், வயரிங் படம் பாக்கத் தெரியணும். இதை உக்காந்து சொல்லிக் கொடுக்கறதுக்குப் பல பட்டறையில நேரம் இருக்காது.

பையன் கிட்ட நான் சொல்ல நினைக்கறது ஒண்ணுதான்: பார்ட் மாத்தறதுக்கு முன்னாடி அது ஏன் போச்சுன்னு கேளு தம்பி. ஃப்யூஸ் அடிக்கடி எரியுதுன்னு ஒரு வண்டி வரும், புது ஃப்யூஸ் போட்டு அனுப்பினா ரெண்டு நாள்ல திரும்ப வரும், 15 ஆம்ப்ஸ் இடத்துல 30 போட்டாலோ செம்புக் கம்பியைச் சுத்தி விட்டாலோ ஃப்யூஸ் எரியாது, வயர் எரியும். ஹேண்டில் திரும்பற இடத்துல வயர் உரசி உரசித் தோல் போயி பாடியைத் தொட்டிருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிக்கறவன்தான் மெக்கானிக். செயின் போச்சுன்னா செயினை மட்டும் மாத்தாதே, செயின் ஓடற பல் சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், தேஞ்சிருந்தா புது செயினையும் சீக்கிரம் தின்னுடும், செயினும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்த கிட்டாவே மாத்து. ஸ்பார்க் பிளக்கை முதல்ல கையால ஏத்து, எடுத்ததுமே ஸ்பேனர் போட்டா அலுமினியம் ஹெட்ல மரை போயிடும், அப்புறம் கஸ்டமர் தலைல பெரிய செலவு. பிரேக் டிரம்ல இருக்கற தூசியை வாயாலயோ ஏர் அடிச்சோ ஊதவே ஊதாதே, நுரையீரலுக்குக் கெடுதல், ஈரத்துணியால துடை.

டூல்ஸ் எல்லாத்தையும் ஒரே நாள்ல வாங்க வேணாம்மா. 8ல இருந்து 17 வரை ரிங் ஸ்பேனர், டி ஸ்பேனர், ஆலன் கீ செட், இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர் இருந்தா ஆரம்பிக்கலாம், போல்ட்டை அளவோட முறுக்கற டார்க் ரெஞ்ச் சம்பாதிச்சதும் வாங்கட்டும்.

கேள்வி: 7 வருஷமா பட்டறையில வேலை பாக்கறேன், எல்லா வேலையும் தெரியும், சர்டிஃபிகேட்தான் இல்ல. இனிமே வாங்க முடியுமா? எலக்ட்ரிக் வண்டியும் பாக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முடியும். அனுபவம் உள்ளவங்க ஐடிஐ தேர்வைத் தனித்தேர்வரா எழுத வழி இருக்கு, மாவட்ட திறன் பயிற்சி அலுவலகத்துல போய்க் கேளுங்க, வேலை பாத்த அனுபவச் சான்றைப் பட்டறை ஓனர்கிட்ட இப்பவே எழுதி வாங்கி வச்சுக்குங்க. எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பிரேக், டயர், ஹேண்டில் திரும்பறதுக்கான பேரிங்கான கோன் செட், சஸ்பென்ஷன் எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான், தாராளமா பாருங்க. பேட்டரி பேக்கை மட்டும் பயிற்சி எடுக்காம பிரிக்காதீங்க. எலக்ட்ரிக் கார்னா ஆரஞ்சு கலர் கேபிள் பக்கமே கை போகக் கூடாது, பெரும்பாலான கார்ல 300 வோல்ட்டுக்கு மேல ஓடும், உயிரை எடுத்துடும்.