மாலையில் நின்ற குட்டி விடியலில் விறைப்பது ஏன்?

கேள்வி: என் செம்மறி ஆடுகள் இந்த ஈற்றில் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போட்டன. மாலையில் எழுந்து நின்ற குட்டி விடியும்போது விறைத்துக் கிடக்கிறது. அப்படிக் கிடந்த இரண்டைச் சூடான இடத்தில் கிடத்தினேன். கண் திறந்தன, அப்புறம் காலை உதைத்துக்கொண்டு வலிப்பு வந்து செத்துப்போயின. இது நோயா, குளிரா?

பதில்: நீங்கள் எழுதியதில் அந்த வலிப்புதான் முக்கியமான தடயம். குளிர் பாதிக் காரணம். மீதிப் பாதி, குட்டியின் உடம்பில் சர்க்கரை தீர்ந்துபோனது. சர்க்கரை இல்லாத குட்டியைச் சூடேற்றினால் இப்படித்தான் நடக்கும்.

குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்வரை, தொப்புள்கொடி வழியாகக் குளுக்கோஸ் வந்துகொண்டே இருக்கும். பிறந்ததும் அந்த வரத்து நின்றுவிடும். முதல் பால் வயிற்றுக்குள் போகும்வரை உயிரைப் பிடித்து வைப்பவை இரண்டு: உடம்பில் இருக்கும் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு (எரிந்து சூடு தரும் கொழுப்பு), அப்புறம் கிளைகோஜன். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் கிளை கிளையாகக் கோத்துக்கொண்டு ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருப்பதுதான் கிளைகோஜன். குளுக்கோஸைத் தனித்தனியாகச் சேர்த்து வைத்தால் அது தண்ணீரை உள்ளே இழுத்துச் செல்லையே வீங்க வைத்துவிடும். அதனால்தான் உடம்பு அதைச் சங்கிலியாக்கி வைக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் குளூக்ககான் என்ற ஹார்மோனும், குளிரும் பயமும் தாக்கினால் அட்ரினலினும் சுரக்கும். உடனே பாஸ்ஃபாரிலேஸ் என்ற நொதி, கிளைகளின் நுனியிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கும். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெட்டிய குளுக்கோஸோடு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி ரத்தத்தில் விடும் நொதி ஈரலில் உண்டு, தசையில் இல்லை. ஈரலில் இருப்பது ஊருக்கே திறந்துவிடும் குதிர். தசையில் இருப்பது அந்த வீட்டுக்கு மட்டுமான பானை. குட்டி நடுங்கும்போது தசை தன் இருப்பைத் தானே எரித்துச் சூடு உண்டாக்கும். ஆனால் மூளைக்குச் சர்க்கரை ஈரலிலிருந்துதான் வரவேண்டும். குளிர்ந்த இரவில், ஈரம் காயாத உடம்போடு, பால் குடிக்காமல் கிடக்கும் குட்டிக்கு இந்த இருப்பெல்லாம் சில மணி நேரம்தான் தாங்கும். இரட்டைக் குட்டிகள் பிறக்கும்போதே சின்னவை. இருப்பும் குறைவு, உடல் எடைக்கு வெப்பம் வெளியேறுவதும் அதிகம்.

வலிப்பு எப்படி வந்தது? உடல் விறைத்துக் கிடக்கும்போது மூளையின் தேவையும் சுருங்கிக் கிடக்கும். சூடு ஏறியதும் மூளை விழித்துச் சர்க்கரை கேட்கும், ரத்தத்தில் இருக்காது. நீங்கள் செய்தது அக்கறையோடு யாரும் செய்யக்கூடியதுதான், வரிசை மட்டும் மாறவேண்டும்.

சந்தேகப்படும் குட்டியின் வாய்க்குள் விரலை வையுங்கள். நல்ல குட்டியின் வாய் கதகதப்பாக இருக்கும், விரலைச் சப்பும். வாய் சில்லென்று இருந்து, வயிறு ஒட்டி, தலை தொங்கினால் ஆபத்து. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் சரி. 37 முதல் 39 வரை என்றால் துடைத்துக் காயவைத்து, சீம்பால் கொடுத்து, காற்றுப் படாத இடத்தில் தாயோடு விடுங்கள்.

37-க்குக் கீழே போய்விட்டால் வயதைப் பாருங்கள். பிறந்து 5 மணி நேரத்துக்குள் என்றால் இருப்பு இன்னும் தீர்ந்திருக்காது. துடைத்துச் சூடேற்றலாம், தலை நிமிர்ந்ததும் சீம்பால் கொடுக்கலாம். 5 மணி நேரம் தாண்டியிருந்தால் முதலில் குளுக்கோஸ், பிறகுதான் சூடு. 20 சதவீத குளுக்கோஸ் கரைசலை உடல் வெப்பத்துக்கு வெதுவெதுப்பாக்கி, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லி வீதம் வயிற்றறைக்குள் (இரைப்பைக்குள் அல்ல, குடலைச் சுற்றியுள்ள வெளிக்குள்) ஊசியாகப் போடுவார்கள். இதைக் கால்நடை மருத்துவரைக் கொண்டு செய்யுங்கள். ஈற்றுக் காலத்துக்கு முன்பே அவரிடம் நேரில் கற்றும் வைத்துக்கொள்ளலாம், நள்ளிரவில் ஆள் தேடி அலையவேண்டி இருக்காது. தலை தூக்க முடியாத குட்டியின் வாயில் பாலை ஊற்றவே ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

சீம்பால் நோய் எதிர்ப்புக்காக என்று எல்லோருக்கும் தெரியும். முதல் இரவில் அது எரிபொருளும்கூட. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி, முதல் நாள் முழுக்கச் சேர்த்துக் கிலோவுக்கு 200 மில்லி அளவுக்காவது போகவேண்டும். ஈன்றதும் காம்பைப் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிடுங்கள். இரட்டையில் சின்னதைத் தனியாகப் பிடித்துக் குடிக்கவிடுங்கள், பெரியது முந்திக்கொள்ளும்.

அடுத்த ஈற்றுக்கான வேலை சினையிலேயே தொடங்குகிறது. குட்டியின் எடையில் பெரும்பங்கு கடைசி 6 வாரங்களில்தான் ஏறும். ஈரலில் கிளைகோஜன் சேர்வதும் சினையின் கடைசிக் கட்டத்தில்தான். அப்போது இரட்டைக் குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் தாயால் அதிகம் மேயவும் முடியாது. தழையை மட்டும் நம்பாமல் அடர்தீவனத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுங்கள், ஒரே நாளில் கொட்டினால் வயிறு புளித்துவிடும். தாய் தீனி எடுக்காமல் ஒதுங்கி நின்று, மூச்சில் இனிப்பான வாடை அடித்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தாயின் ஈரலில் இருப்பு தீர்ந்து கொழுப்பு கரைவதன் அடையாளம் அது.

பரம்பரை நோயாக இருக்குமோ என்ற எண்ணம் உங்களுக்கு வரலாம். பாஸ்ஃபாரிலேஸ் குறைபாடு மெரினோ செம்மறிகளிலும் ஷரோலே மாடுகளிலும் பதிவாகியிருக்கிறது. தசையில் கிளைகோஜன் நிறைய இருந்தும் வெட்டி எடுக்க முடியாமல், கொஞ்ச தூரம் ஓட்டினாலே அவை சோர்ந்து படுத்துவிடும். உங்கள் குட்டிகளின் கதை அதுவல்ல. குளிர்ந்த இரவில் மட்டும், பிறந்த முதல் நாளிலேயே சாகின்றன. ஆனாலும் ஒரே கிடாவை அதன் மகள்களோடு சேர்க்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இத்தகைய குறைகள் இரண்டு பக்கமும் ஒளிந்து வந்து சேர்வது அந்த வழியில்தான்.