மூச்சு இழுத்தால் தோளில் வலி: டாக்டர் பதில்கள்

பித்தப்பைக் கல்லுக்கு லப்ரஸ்கோப் ஆபரேஷன் (சிறு துளை வழியே கருவி விட்டு) செய்து இரண்டு நாள். வயிற்றில் கை வைத்ததற்குத் தோள் ஏன் வலிக்கிறது? (பண்டாரவளை)

ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய காபனீரொட்சைட்டில் மிச்சம் இருப்பது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்துக்கான நரம்பும் தோள்பட்டைத் தோலுக்கான நரம்பும் கழுத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் புறப்படுகின்றன. அதனால் வலி தோளில் தெரியும். எழுந்து நடங்கள், சில நாளில் போய்விடும். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் திரும்ப வார்டுக்குப் போங்கள்.

தோள் வலி, மூச்சு விட முடியவில்லை. என்ன மருந்து? (ஊர் இல்லை)

வயது இல்லை, எந்தத் தோள் என்றில்லை, எத்தனை நாள் என்றில்லை. நான் என்ன சாத்திரமா பார்க்கிறேன்? உண்மையிலேயே மூச்சு முட்டினால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் 1990 என்ற எண்ணுக்குப் போன் அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டிக்குக் காசு இல்லை.

அம்மாவுக்கு 52 வயது, தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். ஐந்து நாளாகக் காய்ச்சல், இருமல். மூச்சை இழுத்தால் வலது தோளில் குத்துகிறது. வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் போட்டு உருவினோம், கேட்கவில்லை. (தலவாக்கலை)

எப்படிக் கேட்கும்? இந்த மலைநாட்டில் கழுத்துக்குக் கீழே எது வலித்தாலும் வாயுதான். கூடைக் கயிறு தலையில் இழுக்க இழுக்கக் கழுத்தும் தோளும் நோவது உண்மை. ஆனால் அந்த நோவை விரலால் அமுக்கியே காட்டலாம், கையைத் தூக்கினால் கூடும், காய்ச்சல் வராது. அம்மாவுக்கு நிமோனியாவாக இருக்கலாம், நுரையீரல் உறையில் அழற்சியாக இருக்கலாம். வலது பக்கம் என்பதால் ஈரலில் சீழ் கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் இன்றே எடுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியையும் கொடுங்கள், காசநோய்ப் பரிசோதனை இலவசம்.

வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி போய்விடும் என்று பலர் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறார்கள். அதுவரை கடையில் வாங்கிய டைக்ளோபெனக் வலிக்குளிசையை வெறும் தேத்தண்ணியோடு விழுங்குகிறார்கள். அந்தக் குளிசை காய்ச்சலை மறைக்கும், குடலில் புண்ணும் போடும். அந்தப் புண் ஓட்டையாகிவிட்டால் அந்த வலியும் தோளில்தான் வந்து நிற்கும்! வெறும் வயிற்றில் வலிக்குளிசை வேண்டாம் என்று எத்தனை தரம்தான் எழுதுவது?

மகனுக்கு 21, ஒல்லி, ஆறடி, சிகரெட் உண்டு. நேற்றுத் திடீரென்று இடது நெஞ்சிலும் தோளிலும் குத்து. (மஸ்கெலியா)

நுரையீரலிலிருந்து காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் நிரம்பியிருக்கலாம். உயரமான ஒல்லிப் பையன்களுக்கு, அதுவும் புகைப்பவர்களுக்கு, இது வரும். பதிலுக்குக் காத்திருந்ததே தப்பு. இப்போதே எக்ஸ்ரே.

மலையில் சறுக்கி விழுந்தேன். விலாவில் அடி. இடது தோள் நுனியும் வலிக்கிறது. (ஹாலிஎல)

மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்தாலும் இப்படித்தான் வலிக்கும். உருவ வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

சீனி வருத்தம் பத்து வருடமாக. கையைத் தூக்கவே முடியவில்லை, மூச்சு விடச் சிரமமில்லை. (ஹட்டன்)

அப்படியானால் தோள் மூட்டு இறுகியிருக்கலாம், சீனி உள்ளவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். பிசியோதெரபி செய்யுங்கள், குணமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். வலிக்குளிசையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆகாது. போகும்போது கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.