பட்டறைத் திண்ணை: ஐந்து மாதமாக ஒரே வேலையா?

கேள்வி: என் மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, பம்ப் செய்யும் ஆலை ஒன்றில் ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். ஐந்து மாதமாக ஓரப் பிசிறு எடுக்கும் வேலையைத் தவிர வேறெதையும் தொட விடவில்லை. ஷிஃப்டுக்கு 200 துண்டு என்று கணக்கு வேறு. கேட்டால், "இதுவும் பயிற்சிதான்" என்கிறார் சூப்பர்வைசர். சேரும்போது பயிற்சித் திட்டம் என்று ஒரு தாளைக் காட்டினார்களாம். அதற்கு மதிப்பு உண்டா?
– ஒரு தாய், சூலூர்

பதில்: உண்டு, அம்மா. அந்தத் தாளைத்தான் உங்கள் மகன் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

1978-இல் நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்த அன்று, மேஸ்திரி ஓர் இரும்புத் துண்டையும் தட்டை அரத்தையும் கொடுத்து, ஆறு முகமும் சதுரமாக வரும்வரை ராவச் சொன்னார். மூன்று வாரம் ராவினேன். சதுரம் பார்க்கும் மூலைமட்டத்தைத் துண்டின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். இடுக்கில் கீற்றாக ஒளி தெரிந்தால் துண்டு மறுபடியும் வைஸுக்கு, அதாவது ராவும்போது துண்டை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கிக்குப் போகும். சும்மா வேலை வாங்குகிறார் என்றுதான் எனக்கும் அப்போது தோன்றியது. ஆனால் முதல் வாரம் அரை மில்லிமீட்டர் பிசகைப் பொறுத்துக்கொண்டவர், மூன்றாம் வாரம் 0.1 மில்லிமீட்டருக்குத் திட்டினார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் தவறில்லை, அளவு இறுகிக்கொண்டே வந்தால். உங்கள் மகனின் வேலையை அங்கே யாரும் அளக்கவில்லை, எண்ணுகிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், அதாவது அப்ரண்டிஸ் சட்டம், அப்ரண்டிஸுக்குத் துண்டுக் கணக்கில் பணம் தருவதையும், உற்பத்தி ஊக்கத் திட்டங்களில் அவரை இழுத்துவிடுவதையும் தடுக்கிறது. எண்ணிக்கைக்கு ஓடுகிற கை எதையும் கற்றுக்கொள்ளாது என்பது அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் அவரை அமர்த்துவதும் சட்டப்படி தவறு.

திட்டம் எப்படி உருவாகிறது என்று கேட்டால், தொழிலுக்கான பாடத்திட்டம் மேலிருந்து வரும். ஆலை அதைத் தன் இயந்திரங்களுக்கு ஏற்ப வாரங்களாகப் பிரித்துக்கொள்ளும். நான் பயிற்சி ஆசிரியராக இருந்தபோது சுவரில் ஒட்டிய ஃபிட்டர் தாள் இன்னும் நினைவிருக்கிறது. பெஞ்ச் வேலை 6 வாரம், ட்ரில்லிங் 4, லேத் 6, கிரைண்டிங் 6, அசெம்பிளி 12, பராமரிப்பு 12, தர ஆய்வு 4, தேர்வுக்குத் தயாராக 2. மொத்தம் 52. ஒவ்வொரு வரியின் எதிரிலும் இரண்டு கட்டம்: சொல்லிக்கொடுத்தவரின் கையெழுத்து, பையனின் கையெழுத்து. முன்னேற்றப் பதிவேடு வைப்பது ஆலையின் சட்டக் கடமை; எல்லாக் கையெழுத்தையும் கடைசி மாதத்தில் ஒரே பேனாவால் ஒரே உட்காரலில் போட்டு வைக்கும் புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன். ஆண்டு முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வுக்கு உட்காரும்போதுதான் அந்த மையின் விலை தெரியும்.

சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் தலைமேல் உற்பத்தி இலக்கு தொங்குகிறது, பாவம். பயிற்சிப் பொறுப்பாளரிடம், "திட்டப்படி இந்த மாதம் நான் எந்தப் பிரிவில் இருக்க வேண்டும்?" என்று மட்டும் மகன் கேட்கட்டும். இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, இயந்திரம், செய்த வேலை, வந்த அளவு, சொல்லிக்கொடுத்தவர் யார் என்று எழுதி, வாரக் கடைசியில் கையெழுத்தும் வாங்கட்டும். ஒரு மாதத்தில் எதுவும் நகரவில்லை என்றால், அந்த நோட்டையும் ஒப்பந்த நகலையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போங்கள். ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கும் அதிகாரம், இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் தொழிற்பழகுநர் ஆலோசகருக்கு உண்டு. கோபத்தில் பாதியில் நின்றுவிடக் கூடாது. ஆலை தவறியதால் ஒப்பந்தம் முறிந்தால் ஆலை இழப்பீடு தர வேண்டும். பையன் தவறியதால் முறிந்தால் பயிற்சிச் செலவை உங்களிடம் கேட்பார்கள்.

கேள்வி: நான் 12 பேர் வேலை செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்ரண்டிஸ் எடுக்கலாமா? எங்களிடம் கிரைண்டிங் இயந்திரம் இல்லையே?
– பட்டறை உரிமையாளர், பீளமேடு

பதில்: எடுக்கலாம். 2019-ஆம் ஆண்டின் விதித் திருத்தத்தின்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவர்களுக்கு விருப்பம். இல்லாத இயந்திரத்தை இருப்பதாகத் திட்டத்தில் எழுதிவிடாதீர்கள். பல முதலாளிகள் சேர்ந்து, பயிற்சியாளர்களைத் தங்கள் பட்டறைகளுக்குள் மாற்றி மாற்றி அனுப்பச் சட்டமே இடம் தருகிறது. கிரைண்டிங் வைத்திருக்கும் பக்கத்துப் பட்டறைக்காரரோடு பேசி முடித்துவிட்டு, பிறகு திட்டத்தை எழுதுங்கள். அப்ரண்டிஸுக்குரிய ஒவ்வொரு மாத உதவித்தொகையையும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். ஓவர்டைம் என்ற பேச்சே வேண்டாம். அதற்குத் தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் தேவை.

கேள்வி: ஐயா, டீ வாங்கி வருவது பயிற்சித் திட்டத்தில் வருமா?
– ஓர் அப்ரண்டிஸ், ஓசூர்

பதில்: நானும் வாங்கி வந்திருக்கிறேன், தம்பி. தூக்குவாளியோடு டூல்ரூம் வழியாகப் போய்வந்ததில்தான் அங்கிருந்த பெரியவரின் பழக்கம் கிடைத்தது. மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். என்றைக்காவது ஒருநாள் என்றால் போய்வா. தினமும் என்றால், மேலே சொன்ன நோட்டில் அதையும் எழுது: "காலை 10.15, டீ, 14 கிளாஸ், 40 நிமிடம்." வாரக் கடைசியில் மற்ற பக்கங்களோடு அந்தப் பக்கத்தையும் கையெழுத்துக்கு நீட்டு.