மருத்துவபீடம் கிடைக்காத மகளுக்கு நுண்ணுயிரியல் ஏற்றதா?

மதிப்பிற்குரிய அம்மா,

உயர்தர உயிரியல் பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மருத்துவபீடத்துக்குப் போதாமையால் உங்கள் மகள் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படிக்க விரும்புவதையும், "மலமும் சலமும் சோதிக்கவா பிள்ளையைப் படிப்பித்தோம்" என்றும், தொற்று வந்துவிடுமோ என்றும் நீங்கள் கலங்குவதையும் கடிதத்தில் வாசித்தேன். அந்தப் படிப்பின் ஒரு பகுதியான நுண்ணுயிரியலில், அதாவது நோய்க்கிருமிகளைக் கண்டறியும் துறையில், வேலை இன்னதென்று முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

யாழ் குடாநாட்டில் நாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பி வாழ்கிறோம். ஒரே வளவுக்குள் கிணறும் மலக்குழியும் அருகருகே இருந்தால், கல்லின் வெடிப்புகள் வழியே கிருமிகள் கிணற்றை அடைவது எளிது. நெருப்புக்காய்ச்சலும் (தைபொயிட்) வயிற்றுளைவும் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள்; வைத்தியர் சந்தேகித்த உடனேயே எச் 544 என்னும் நோய் அறிவித்தல் படிவம் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வந்து கிணற்றையும் சாப்பாடு வாங்கிய கடையையும் விசாரிப்பார். எந்தக் கிருமி என்று உறுதிப்படுத்துவது ஆய்வுகூடம்தான்.

மல மாதிரியை எக்ஸ்.எல்.டி. என்னும், கிருமி வளர்க்கும் ஊடகத் தட்டில் கீறி 37 பாகை செல்சியசில் ஓரிரவு வைத்தால், நெருப்புக்காய்ச்சல் கிருமி அடங்கும் சல்மொனெல்லா இனம் பெரும்பாலும் நடுவே கறுத்த சிவப்புக் கொலனிகளாகவும் (கிருமித் திட்டுகள்), வயிற்றுளைவைத் தரும் சிகெல்லா கறுப்பின்றிச் சிவப்பாகவும் முளைக்கும். கொலராக் கிருமி டி.சி.பி.எஸ். என்னும் வேறோர் ஊடகத்தில் மஞ்சளாகத் தெரியும். நிறம் சந்தேகத்தை மட்டுமே தரும் என்பதால், உயிர்இரசாயன, சீரச் சோதனைகளால் அதை உறுதிசெய்து, எந்த நுண்ணுயிர்கொல்லி பலிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். நெருப்புக்காய்ச்சல் என்றால் முதற்கிழமையில் மலத்தை அல்ல, இரத்த மாதிரியையே ஊடகத்தில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். குடிநீரிலோ 100 மில்லிலீற்றரில் மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரு தட்டின் முடிவு ஒரு நோயாளிக்கு உதவும். ஒரே பகுதியிலிருந்து அடுத்தடுத்து ஒரே கிருமி வருவதைக் கவனித்து உடனே தெரிவிக்கும் ஆய்வுகூடவியலாளரோ ஊரையே காக்கிறார். இதை மருத்துவம் தவறியவர்களுக்கான ஆறுதல் பரிசாக நான் ஒருபோதும் கருதவில்லை.

தொற்று பற்றிய உங்கள் பயம் நியாயமானதே. நூறுக்கும் குறைந்த சிகெல்லாக் கிருமிகளே நோய்தரப் போதும். கையுறை, கைகழுவல், நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி ஆகியவற்றில் அலட்சியம் காட்டாதவர் பாதுகாப்பாக வேலைசெய்யலாம். எதையும் அவசர அவசரமாகச் செய்து முடிக்கும் சுபாவம் மகளுக்கு இருந்தால், அதைப் பற்றி இப்போதே அவளுடன் மனம்விட்டுப் பேசுங்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இது நான்கு வருடப் பட்டப்படிப்பு. அரச நியமனம் தாமதமாகலாம். அதுவரை தனியார் ஆய்வுகூடங்களிலும் உணவு, நீர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் வாய்ப்புத் தேடலாம், நுண்ணுயிரியலில் மேற்படிப்பும் தொடரலாம். வெயிலில் அலைந்து மக்களோடு பேசுவதில் அவளுக்கு நாட்டம் அதிகமென்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிக்கான வர்த்தமானி அறிவித்தலைக் கவனித்திருங்கள். விருப்பமில்லாத பிள்ளையை மூன்றாம் தடவையும் பரீட்சை எழுத வற்புறுத்த வேண்டாம். பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு முக்கியமானது என்பதால், கைநூலை இருவருமாக இருந்து வாசித்து, மருத்துவத்துக்கு அடுத்ததாகவே இக்கற்கைநெறியைக் குறிப்பிடுங்கள்.