நிறம் தெரியும் இடமும் நொதி இருக்கும் இடமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சிறுநீரகத் திசுவில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியை, அது இருக்கும் இடத்தைக் கறுப்பாகக் காட்டும் கோமோரி முறையில் தேடினேன். நுண்குழல் செல்களின் தூரிகை விளிம்போடு (தூரிகைபோல் அடர்ந்த நுண்விரல்கள் உள்ள ஓரம்) உட்கருக்களும் கறுத்திருந்தன. உட்கருவிலும் இந்நொதி உண்டா?

பதில்: அந்தக் கறுப்பை மட்டும் வைத்து உண்டு என்று சொல்ல முடியாது. கோமோரியும் தகமட்சுவும் 1939-இல் தனித்தனியே வெளியிட்ட இம்முறையில் நொதி நேரடியாகக் கண்ணுக்குப் படுவதே இல்லை. அது விடுவிக்கும் பாஸ்பேட், கால்சியத்துடன் சேர்ந்து வீழ்படிவாகி, பின்னர் கோபால்ட் உப்பாலும் அம்மோனியம் சல்பைடாலும் கறுப்பான கோபால்ட் சல்பைடாக மாறுவதைத்தான் பார்க்கிறோம். வீழ்படிவதற்குள் பாஸ்பேட் சற்றே நகர்ந்துவிட்டால், கால்சியம் பாஸ்பேட்டை எளிதில் பற்றிக்கொள்ளும் உட்கரு, தனக்கு உரியதல்லாத நிறத்தை ஏற்றுக்கொள்ளும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சூடாக்கி நொதியை அழித்த ஒரு சீவலையும் (திசுவின் மெல்லிய வெட்டுத் துண்டு) நொதி செயல்படும் ஒரு சீவலையும் முகத்தோடு முகம் ஒட்டியவாறு வைத்து, இரண்டையும் ஒரே கரைசலில் விடுங்கள். நொதி அழிந்த சீவலின் உட்கருக்களும் கறுத்தால், அந்தக் கறுப்பு பக்கத்துச் சீவலிலிருந்து வந்து படிந்தது என்பது உறுதி. இதோடு 5, 15, 30 நிமிடங்களில் சீவல்களை வெளியே எடுத்து ஒப்பிடுங்கள். தூரிகை விளிம்பு முதலிலும் உட்கரு வெகுநேரம் கழித்தும் கறுத்தால், பின்னதை நம்ப வேண்டாம். 1940-களிலும் 50-களிலும் நீண்ட விவாதத்தைக் கிளப்பிய சிக்கல் இது என்பதால், நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை.

கேள்வி: ஃபார்மலினில் பதப்படுத்திப் பாரஃபினில் பதித்த பழைய திசுக்கட்டிகளைப் பயன்படுத்தலாமா?

பதில்: பெரும்பாலான நொதிகளுக்கு முடியாது, குளோரோஅசிடேட் எஸ்டரேஸ் போன்ற சில மட்டுமே அந்த வேதிப்பொருள்களையும் சூட்டையும் தாங்கும். உறையவைத்த திசுவைக் கிரையோஸ்டாட் என்ற குளிர்பெட்டிச் சீவல் கருவியில் வெட்டுவதே வழக்கம்.

கேள்வி: சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் சோதனையில் அந்நொதி வினைபுரியும் பொருளான சக்சினேட்டே சேர்க்காத சீவலிலும் நீலம் தோன்றுகிறது. சோதனை தோற்றுவிட்டதா?

பதில்: தோற்கவில்லை, அந்தச் சீவல் தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. டெட்ரசோலியம் உப்பை நீல ஃபார்மசானாக ஒடுக்குவதற்குத் திசுவில் ஏற்கெனவே உள்ள தளப்பொருள்களும் (நொதிகள் வினைபுரியும் பொருள்கள்), புரதங்களின் சல்ஃபைட்ரில் தொகுதிகளும் போதும். இதற்கு ‘ஒன்றுமில்லா டிஹைட்ரஜனேஸ்’ என்று கேலிப்பெயரே உண்டு. எனவே சக்சினேட் சேர்த்த சீவலுக்கும் சேர்க்காத சீவலுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே நொதியின் கணக்கில் எழுதுங்கள். இந்நொதியைத் தடுக்கும் மலோனேட்டைச் சக்சினேட்டுடன் சேர்த்த மூன்றாவது சீவலில் அவ்வேறுபாடு மறைகிறதா என்றும் பாருங்கள். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் போன்ற கரையும் நொதிகளில் தொல்லை இன்னும் பெரிது: பதப்படுத்தாத சீவலிலிருந்து நொதியே கரைசலுக்குள் கசிந்துவிடும். பாலிவினைல் ஆல்கஹால் சேர்த்துக் கரைசலைக் கெட்டியாக்குவது அதற்காகத்தான்.

கேள்வி: தடுப்பான் சேர்த்ததும் நிறம் மறைந்தால், முடிவை உறுதியாக ஏற்கலாம் அல்லவா?

பதில்: எந்தத் தடுப்பான், எந்தத் திசு என்று கேட்காமல் ஏற்கக் கூடாது. லெவமிசோல் கல்லீரல், எலும்பு, சிறுநீரகம் ஆகியவற்றின் ஆல்கலைன் பாஸ்பட்டேஸைத் தடுக்கும், ஆனால் குடலின் ஐசோஎன்சைமை (அதே வேலையைச் செய்யும் வேறு வடிவ நொதி) அவ்வாறு தடுப்பதில்லை. ஆகவே குடல் திசுவில் நிறம் மறையவில்லை என்பதற்காகச் சோதனையைக் குறைகூற முடியாது. அமில பாஸ்பட்டேஸிலும் இதே நிலைதான்: புரோஸ்டேட் நொதி டார்ட்ரேட்டால் தடைபடுகிறது, எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களின் நொதி அதற்கு அசைவதில்லை. அந்த அசையாமையையே ஆஸ்டியோகிளாஸ்டின் அடையாளமாகக் கொள்கிறார்கள்.

கேள்வி: பெராக்சிடேஸைத் தேடி ஆக்சிஜனேற்றத்தால் பழுப்பாகும் டயமினோபென்சிடின் பயன்படுத்தியபோது இரத்தச் சிவப்பணுக்கள் அனைத்தும் பழுப்பாகிவிட்டன. ஏன்?

பதில்: ஹீமோகுளோபினின் ஹீம் தொகுதியும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு இச்சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்யும். கொதிநீரில் வைத்த சீவலிலும் அந்தப் பழுப்பு நீடித்தால், நொதிக்கு அதில் பங்கில்லை என்று கொள்ளலாம்.

கேள்வி: எதிர்ப்பொருள் சாயம் ஓரிடத்தில் நொதியைக் காட்டுகிறது, நொதியின் வேலையைக் காட்டும் செயல்பாட்டுச் சாயம் அங்கே வெறுமையாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்வதால், இரண்டுமே சரியாக இருக்கலாம். எதிர்ப்பொருள், புரதத்தின் ஒரு பகுதியை அடையாளம் காண்கிறது. அப்புரதம் வேலை செய்யாத நிலையில் இருந்தாலும் அது ஒட்டிக்கொள்ளும். எனினும், பதப்படுத்தியபோது செயல்பாடு அழிந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள்: அந்நொதி நிறைந்தது என்று ஏற்கெனவே அறிந்த திசுவை அதே முறையில் பதப்படுத்தி, அதே கரைசலில் வைத்தால், குறை முறையிலா திசுவிலா என்பது தெரிந்துவிடும்.