அப்பாவை ஒருமுறை கோரிமேட்டுக்கு அழைத்துப் போங்கள்

கேள்வி: ஏற்காடு மலைக் கிராமத்தில் இருக்கிறோம். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். வயது 17. "பொண்ணு படிச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளை தேடணும், நகையும் கூடும், படிச்சது போதும்" என்கிறார் கணவர். மகனை மட்டும் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். எட்டாவதோடு நின்ற நான் என்ன பேச முடியும்? - ஒரு வாசகி

பதில்: நீங்கள்தான் பேச வேண்டும் அம்மா. எட்டாவதோடு நின்றதால் எதெல்லாம் கைவிட்டுப் போனது என்று அந்த வீட்டில் உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

முதலில் செலவு. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, மகனுக்கு வாங்கிய கடனில் சிறு பங்குகூட ஆகாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், படிப்பு முடியும் வரை, அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வரும். டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தாலும் உண்டு. கல்லூரியிலேயே விண்ணப்பித்துத் தருவார்கள், அதனால் யாருக்கும் கமிஷன் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் கணவருக்குப் பணத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி மகள் தனியாகப் போய், இருட்டுகிற நேரத்தில் மலையேறி வர வேண்டுமே, ஊர் என்ன பேசுமோ என்கிற பயம், அதைத்தான் நகை, மாப்பிள்ளை என்று வேறு வார்த்தையில் சொல்கிறார். அதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை. ஒரு நாள் வேலைக்கு லீவு போடச் சொல்லி, மகளோடு அவரையும் சேலம் கோரிமேடு அரசு மகளிர் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். ஏற்காட்டு பஸ் போகிற வழிதான். வாசலில் புத்தகப் பையோடு நிற்கிற பிள்ளைகளை அவர் கண்ணால் பார்க்கட்டும். தினமும் வந்து போவது கஷ்டம் என்றால், சேலத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகளின் மாணவியர் விடுதிகள் இருக்கின்றன, சாப்பாடும் தங்குவதும் இலவசம். அதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.

கல்யாணப் பேச்சு எடுத்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 18 முடியாமல் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். கை மீறிப் போனால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு நீங்களோ மகளோ போன் செய்யலாம்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மகள் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இந்த வாரமே தயார் செய்யுங்கள். அப்பா சம்மதிக்கட்டும் என்று காத்திருந்து கடைசித் தேதியை விட்டுவிட வேண்டாம். சேர்ந்ததும் எந்தப் பாடம் எடுத்தாள் என்று எழுதுங்கள்.