கிட்னி மாற்றியவர்களுக்கு வைட்டமின் டி: கேட்டீர்கள், சொல்கிறேன்

கோவையில் சிறுநீரக மாற்று வார்டில் நர்ஸாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதி வைட்டமின் டி பற்றித்தான். முதலில் அவற்றுக்குப் பதில்.

கோபியிலிருந்து: அக்கா, அப்பாவுக்குக் கிட்னி மாத்தி எட்டு மாசம் ஆச்சுங்க. வைட்டமின் டி 14-னு வந்திருக்குது. மெடிக்கல்ல 60,000 யூனிட் சாஷே வாங்கிக் குடுத்துடலாமுங்களா?

20-க்குக் கீழே என்றால் குறைபாடுதான், மருந்து தேவைப்படும். ஆனால் நீங்களாக வாங்க வேண்டாம். கால்சியமும் பி.டி.எச்.-சும் (கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சுரக்கும், ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் ஹார்மோன்) பார்த்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் காலத்தில் பெருத்துப்போன பாராதைராய்டு சுரப்பிகள், புதுக் கிட்னி வந்தவுடனே அடங்கிவிடாது. சிலருக்கு வருடக்கணக்கில் பி.டி.எச். அதிகமாகவே சுரக்கும், கால்சியமும் ஏறியே இருக்கும். அந்த நிலையில் சாஷே கொடுத்தால் இன்னும் ஏறும்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால், எந்தக் கிழமைக்கு என்று ஒவ்வொரு கவர் மேலும் பேனாவால் எழுதி வையுங்கள். பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றுதான். தினம் ஒன்றாகப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டு வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கால்சியம் எகிறினால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினினும் ஏறும். உடம்பு கிட்னியை ஏற்கவில்லையோ என்று வீடே கலங்கிப்போகும்.

பல்லடத்திலிருந்து: டயாலிசிஸ் சமயத்துல போட்ட கால்சிட்ரியால் மிச்சம் இருக்குதுங்க. அதுவும் வைட்டமின் டி தானுங்களே?

தம்பி, அதைத் தொடாதீங்க. சாஷேயில் இருப்பது கொலிகால்சிஃபெரால். அதை ஈரல் ஒரு முறை மாற்றி, பிறகு கிட்னி மாற்றினால்தான் உடம்புக்கு உதவும். பழுதான கிட்னியால் அது முடியாது என்றுதான் அப்போது முழுக்கத் தயாரான கால்சிட்ரியாலைக் கொடுத்தார்கள். அது கால்சியத்தை வேகமாக ஏற்றும். மாற்று சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு எழுதுவதுண்டு, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான்.

பவானியிலிருந்து: மஞ்சக்காட்டுல வெயில்லயே நிக்கறனுங்க. அது போதாதுங்களா?

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். காட்டுக்குப் போங்கண்ணா, முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் இருக்கட்டும், உச்சி வெயிலுக்கு முன்னால் வீடு திரும்புங்கள். வைட்டமினுக்காக வெயில் காய வேண்டாம், அதற்கு மருந்து இருக்கிறது.

தாராபுரத்திலிருந்து: 6 லட்சம் யூனிட் ஊசி ஒண்ணு போட்டா முடிஞ்சுதுங்களே?

வேண்டாங்க. கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் நிற்கும். கூடிப்போனால் திரும்ப எடுக்க வழியில்லை.

ஈரோட்டிலிருந்து: வைட்டமின் டி போட்டா கிட்னி ரொம்ப நாள் உழைக்குமுங்களா?

அப்படி நம்பிப் போட வேண்டாம். பிரான்சில் கிட்னி மாற்றியவர்களுக்கு அதிக அளவும் குறைந்த அளவும் கொடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2023-இல் வந்தது. சர்க்கரை, இதய நோய், புற்றுநோய், இறப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் வித்தியாசம் இல்லை. அதிக அளவு எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு மட்டும் குறைவு. கிட்னி மாற்றியவர்கள் எடுக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் எலும்பை அரிப்பதால் அதுவே பெரிய விஷயம் என்பேன். முதுகுவலி விடாமல் இருந்தால் வைட்டமின் குறைவு என்று நீங்களே முடிவு கட்டாமல், எலும்பு அடர்த்தி ஸ்கேன் தேவையா என்று அடுத்த செக்கப்பில் கேளுங்கம்மா.